பூல் அட்டெண்டன்ட் என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பையன்களிடம் ஏஜென்ட்டுகள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "உனக்கு நீச்சல் தெரியும்ல தம்பி? அப்ப துபாய்ல லைஃப்கார்டு வேலை ரெடி. சேர்ல உட்கார்ந்து தண்ணியப் பார்த்துக்கிட்டு இருந்தாப் போதும்." லைஃப்கார்டு என்றால் நீச்சல் குளத்தில் யாரும் மூழ்காமல் பார்த்துக்கொண்டு, மூழ்கினால் மீட்கிற ஆள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். அந்த வேலையில் சில வருடங்கள் இருந்துவிட்டேன். இப்போது ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எனக்குச் சொல்ல அப்போது ஆள் இல்லை. யாராவது சொல்லியிருந்தால் என் அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் அவ்வளவு நாள் கிடந்திருக்காது.

முதலில் பணக் கதையை முடித்துவிடுகிறேன். விசா, டிக்கெட், மெடிக்கல், லைஃப்கார்டு சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து என்று சொல்லி ஏஜென்ட் வாங்கியது 1,20,000 ரூபாய். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் உரிமம் உள்ள ஏஜென்ட், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது எனக்கு துபாய் போன பிறகு ஒரு மலையாளி அண்ணன் சொல்லித்தான் தெரியும். அந்த ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் முகம் மாறுகிற ஆளிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

அந்த சர்டிபிகேட் இன்னொரு கூத்து. சென்னையில் ஒரு மாடி ஹாலில் இரண்டு நாள் உட்கார வைத்து வீடியோ காட்டினார்கள். யாரும் தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை. கடைசியில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கையில் கொடுத்தார்கள். துபாயில் ஹோட்டல் ஹெச்.ஆர். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபைலில்கூடப் போடவில்லை. அங்கே ஏற்கிற பாடத்திட்டத்தில் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டணம் 1,000 திர்ஹாமை என் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தார்கள். என் சம்பளமே 1,400. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இந்தப் பயிற்சிக் கட்டணம் அதில் சேருமா சேராதா என்று வாதாடுகிற நிலையில் நான் அப்போது இல்லை. தவணை ஓடிய மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிய பணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டாவது பயிற்சி உண்மையானது. அதில் ஒரு விஷயம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குளத்தில் கோச் வைத்து நீச்சல் பழகியவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அழகாக நீந்துவார்கள். நாங்கள் கடலில் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துகிறவர்கள். மீட்கப் போகும்போது அதுதான் வேண்டும். தலையைத் தண்ணீருக்குள் வைத்தால், எடுக்கப் போகிற ஆள் எந்த இடத்தில் மூழ்கினார் என்பது கண்ணிலிருந்து போய்விடும். இதில் மட்டும் நான் மற்றவர்களைவிட முன்னால் இருந்தேன். மற்றதில் எல்லாம் திணறினேன். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் பாடத்தில் ஒரு பிரபலமான தேர்வு உண்டு: கொஞ்ச தூரம் நீந்திப் போய், 7 முதல் 10 அடி ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு செங்கலை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துக்கொண்டு மல்லாந்து திரும்ப வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 விநாடிக்குள். கை இல்லாமல் காலை மட்டும் அடித்து வருவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். பிரிட்டனின் ராயல் லைஃப் சேவிங் சொசைட்டி குளத்து லைஃப்கார்டுகளுக்கு 50 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்தச் சொல்கிறது. ஊரில் இருக்கும்போதே இந்த இரண்டையும் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் முதலில் அதைப் பழகுங்கள், அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கலாம்.

பயிற்சி தருகிறோம் என்று யார் வந்தாலும் சில கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருப்போம்? பொம்மையை வைத்து சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கி வாய்வழியாக மூச்சு கொடுக்கும் முதலுதவியை, எல்லோரும் செய்வோமா, இல்லை ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்ப்பதா? இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி மெஷின் தொட்டுப் பழக இருக்கிறதா? இந்தச் சான்றிதழை நான் போகிற ஊரில் எந்த அரசு அலுவலகம் ஏற்கிறது? செல்லுபடிக் காலம் எவ்வளவு? பெரிய அமைப்புகளின் சான்றிதழ்கள் பொதுவாக இரண்டு வருடம்தான். வாழ்நாள் சான்றிதழ் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நீச்சல் இந்த வேலையில் சின்னப் பங்குதான். முக்கால்வாசிக்கு மேல் பார்ப்பது. அதுவும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்ப்பது. தண்ணீரில் தத்தளிக்கிறவர் கையைத் தூக்கி ஆட்டுவார், "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அதற்குத்தான் காத்திருந்திருப்பேன். நியூயார்க்கில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், கடற்கரையில் நிஜமாகவே மூழ்க ஆரம்பித்தவர்களைப் படமெடுத்து ஆராய்ந்து, அது அப்படி நடப்பதில்லை என்று காட்டினார். மூச்சு வாங்கவே வாய் போதாதவரால் கத்த முடியாது. கை மேலே போகாது, தண்ணீரைப் பக்கவாட்டில் கீழே அமுக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் அடிக்காது, தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய் வரும். பக்கத்தில் இருப்பவருக்கு ஏணி ஏற முயல்வது போலத் தெரியும், விளையாட்டு என்றே நினைப்பார். இதெல்லாம் 20 முதல் 60 விநாடிதான். அப்புறம் உள்ளே போய்விடுவார். ஆகவே சத்தமாகக் கத்தி விளையாடுகிற கூட்டத்தைவிட, திடீரென்று அமைதியாகிவிட்ட ஒருவரைத்தான் கண் தேட வேண்டும்.

எங்கள் பயிற்சியாளர் 10/20 என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். உன் பொறுப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் 10 விநாடிக்குள் கண்ணால் சுற்றி வர வேண்டும், ஆபத்தைக் கண்டால் 20 விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இதை வைத்தே ஒரு குளத்துக்கு எத்தனை ஆள் வேண்டும், நாற்காலியை எங்கே போட வேண்டும் என்று சொல்லிவிடலாம். மேற்பரப்பைப் பார்ப்பது மட்டும் போதாது, அடித் தரை தெரிய வேண்டும். எங்கள் குளம் மொட்டை மாடியில், நீல டைல்ஸ். பிற்பகலில் மேற்குப் பக்கம் முழுக்க வெள்ளையாகப் பளபளக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பார்க்கவே முடியாத ஒரு மூலை, அலங்காரத் தூணுக்குப் பின்னால் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: காலையில் குளம் திறப்பதற்கு முன் ஒரு கூட்டாளியை ஒவ்வொரு மூலையிலும் அடியில் மூச்சடக்கிக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து பாருங்கள். தெரியாத இடத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் திரும்பும்போது நாற்காலியை விட்டு எழுந்து நிற்கும் இடத்தை மாற்றுங்கள். தண்ணீரின் பளபளப்பைக் குறைத்துக் காட்டும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள், சொந்தக் காசு என்றாலும் பரவாயில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். என் ஆஃபர் லெட்டரில் லைஃப்கார்டு என்று இல்லை, பூல் அட்டெண்டன்ட் என்றுதான் இருந்தது. ரெண்டும் ஒண்ணுதான் என்றார் ஏஜென்ட். ஒண்ணு இல்லை. டவல் கொடுப்பது, அழுக்கு டவல் அள்ளுவது, படுக்கை நாற்காலிகளை வரிசைப்படுத்துவது, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது, தண்ணீரில் குளோரின் அளவு 1 முதல் 3 பிபிஎம், அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2 முதல் 7.8 இருக்கிறதா என்று டெஸ்ட் செய்து நோட்டில் எழுதுவது, கவுண்டரில் போன் அடித்தால் எடுப்பது, எல்லாம் பூல் அட்டெண்டன்ட் வேலை. இதற்கு நடுவில் தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஒரு டவலைக் கொடுத்து அறை எண் எழுதி வாங்க அரை நிமிடம் ஆகிறது. மேலே சொன்ன 20 முதல் 60 விநாடியை இதோடு சேர்த்துப் பாருங்கள். இதை மேனேஜரிடம் சொன்னபோது, "இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலையே" என்றார்.

வெயிலையும் சொல்ல வேண்டும். துபாயில் ஆகஸ்ட் மாதம் 45 டிகிரி சர்வசாதாரணம், கூடவே கடல் ஈரம். அந்தச் சூட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கண் திறந்திருக்கும், மூளை பார்க்காது. அதனால்தான் ஒழுங்கான இடங்களில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள். எங்களுக்கு மாற்றுவதற்கே ஆள் இல்லை. நான் கண்டுபிடித்த வழி, மனதுக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டே இருப்பது. ஆழமில்லாத பக்கம் எத்தனை, ஆழமான பக்கம் எத்தனை, அதில் குழந்தை எத்தனை. எண்ணிக்கை குறைந்தால் ஏறிப் போனவர் எங்கே என்று கண் தானாகத் தேடும்.

விருந்தாளிகளைச் சமாளிப்பது தனிக் கலை, இதை எந்தப் பயிற்சியிலும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. எங்கள் ஹோட்டலில் சில அறைகளின் ஒரு இரவு வாடகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அந்த அறையில் தங்குகிற மனிதரிடம் அரை டிராயர் போட்ட நான் போய், உங்கள் மகனை ஆழத்தில் விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு நாக்கே எழாது. போகப்போக ஒன்று புரிந்தது. "செய்யாதே" என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், என்ன செய்யலாம் என்று சொன்னால் கேட்கிறார்கள். ஓடாதே என்பதைவிட நடந்து போங்கள். ஆழத்துக்கு விடாதீர்கள் என்பதைவிட, குழந்தை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் சார். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பிப் போனைப் பார்க்கும் பெற்றோரிடம் இதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் மரியாதை எல்லாம் பார்க்காதீர்கள். வாலிபப் பையன்கள் யார் அதிக நேரம் உள்ளே மூச்சடக்குவது என்று போட்டி போட்டால் உடனே விசில் அடித்து நிறுத்துங்கள். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால், மூச்சு வேண்டும் என்று உடம்பு சொல்வதற்கு முன்பே நினைவு போய்விடும். நன்றாக நீந்துகிறவர்கள்தான் இப்படிப் போகிறார்கள், சத்தமே இல்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு இரண்டு பேர் டூட்டியில் இருக்க வேண்டும். மற்றவனை கீழே பார்ட்டி ஹாலில் மேசை போட அனுப்பிவிட்டார்கள். குளம் நிறையக் கூட்டம். ஒரு அம்மா டவல் கேட்டார், "ஒரு நிமிஷம் மேடம், யாரையாவது கூப்பிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். அவர் சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. எண்ணிக்கையில் ஒன்று இடித்தது. தரை சரிய ஆரம்பிக்கும் இடத்தில் ஆறு வயது இருக்கும் ஒரு பையன், சுவரைப் பார்த்தபடி, தலை பின்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நிற்கவில்லை, கால் தரையில் இல்லை. அவனுடைய அம்மா இரண்டு அடி தூரத்தில் தங்கைப் பாப்பாவுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டுக் குதித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் முகம் உள்ளே போயிருந்தது. தூக்கிக் கரையில் போட்டபோது மூச்சு இல்லை. உதடு நீலமாக இருந்தது. அந்த நிறம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. திடீரென்று இதயம் நின்றவருக்குச் செய்வது போல நெஞ்சை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தால் போதாது. நான் படித்த முறையில் முதலில் 5 முறை மூச்சு கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றால் நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 30 அழுத்தம், 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. முதல் மூச்சைக் கொடுக்கும்போதே சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வந்து பையனின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் பார்த்தார். இன்னொருவர் வயிற்றை அமுக்கு, தண்ணீர் வரும் என்று கத்தினார். நம் ஊரிலும் இதைத்தான் செய்வார்கள், தலைக்கு மேல் வைத்துச் சுற்றுகிறவர்களும் உண்டு. எதுவும் உதவாது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குப் போகும். மூச்சு கொடுக்க வேண்டிய விநாடிகளும் வீணாகும். நான் ஹிந்தியில் கத்தினேன், கையைத் தட்டிவிட்டேன். சிவப்புச் சட்டை போட்ட ஒருவரை விரலால் காட்டி, "நீங்கள், 998 கூப்பிடுங்கள்" என்றேன். இது முக்கியம். யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஒரு ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஊரில் என்றால் 108.

ஐந்தாவது மூச்சுக்குப் பிறகு அவன் இருமினான், வாந்தி எடுத்தான், அப்புறம் அழுதான். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தேன். அப்பா வந்து, சரியாகிவிட்டான், அறைக்குக் கொண்டு போகிறேன் என்றார். விடவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போன ஒருவர் எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மூச்சு மோசமாகலாம். இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள், நன்றாக இருக்கிறான் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அடி. ஆம்புலன்ஸ் போனதும் குளத்தை மூடுவார்கள், என்னை உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள். கை நடுங்க நடுங்க மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலையில் மேனேஜர் கூப்பிட்டு, முதலில் கேட்டது அந்த டவல் அம்மாவின் புகாரைப் பற்றி. அப்புறம் தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார். டூட்டியில் ஒரே ஆள் இருந்தான் என்று நான் எழுதிய வரியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. நேரம், எங்கே இருந்தேன், என்ன பார்த்தேன், என்ன செய்தேன், யாரெல்லாம் இருந்தார்கள், அவ்வளவுதான் எழுதினேன், கருத்து ஒன்றும் எழுதவில்லை. கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள், அன்றைக்கே, தூங்குவதற்கு முன்.

தூக்கம் வந்ததா என்றால் இல்லை. கண்ணை மூடினால் சுவரைப் பார்த்து நிற்கும் தலை தெரியும். பையன் பிழைத்துவிட்டான், எனக்கு ஏன் இப்படி என்று கோபமாக வரும். அறையில் இருந்தவர்களிடம் சொன்னால், "ஹீரோ ஆயிட்டியே, பார்ட்டி எங்கே" என்றார்கள். அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் எனக்குப் பயிற்சி கொடுத்தவருக்கே போன் செய்தேன். ஒரு மணி நேரம் பேசினார். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், சில வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பார் என்றார். குறைந்துவிட்டது, ஆனால் மெதுவாக. இந்த வேலைக்குப் போகிறவர்கள் பேசுவதற்கு ஒரு ஆளை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, இடையில் சொல்லிவிடுகிறேன். கண்மாயிலும் கொள்ளிடத்திலும் ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேர், மூன்று பேர் போகிற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். எங்களுக்கே கையில் ரெஸ்க்யூ டியூப் என்கிற மிதவை இல்லாமல் இறங்கக் கூடாது என்றுதான் சொல்லித் தருகிறார்கள், அதை அவருக்கும் நமக்கும் நடுவில் வைப்பதற்காக. மூழ்குகிறவர் கிடைத்ததைப் பிடித்து அதன் மேல் ஏறுவார், அது நீங்களாக இருந்தாலும். ஒரு கம்பை நீட்டுங்கள், வேட்டியோ சேலையோ வீசுங்கள், மூடிய காலி கேனோ பிளாஸ்டிக் குடமோ எறியுங்கள். அப்படியும் உங்களைப் பிடித்துவிட்டால் தண்ணீருக்குள் முங்குங்கள், அவர் மேலே வரத்தான் பார்ப்பார், பிடித்த கையை விட்டுவிடுவார்.

ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஹோட்டலுக்கு இன்டர்வியூ போனேன். இந்த முறை நான்தான் நிறையக் கேட்டேன். ஒரு ஷிப்டில் எத்தனை லைஃப்கார்டு? ஒருவர் சாப்பிடப் போனால் யார் நிற்பார்? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்? டவலுக்குத் தனி ஆள் உண்டா? ஏஇடி எங்கே இருக்கிறது, போய்த் தொட்டுப் பார்க்கலாமா? தண்ணீரில் ஒத்திகை மாதம் எத்தனை? சான்றிதழ் புதுப்பிக்கும் செலவு யாருடையது? அங்கே பொறுப்பில் இருந்த இலங்கைக்காரர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு என்னைக் குளத்தோரம் நிறுத்தி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு என்ன பார்த்தாய் என்று சொல் என்றார். கிழக்குப் பக்கம் ஏணிக்குப் பின்னால் அடித் தரை தெரியவில்லை, அந்த நீலத் தொப்பித் தாத்தா நீந்தி முடிக்கும்போது மூச்சு ரொம்ப வாங்குகிறது, ஆழத்தின் அளவு எழுதிய பலகையைச் செடி மறைக்கிறது என்று சொன்னேன். செடியை அன்றைக்கே நகர்த்தினார்கள். சம்பளம் பழைய இடத்தைவிட 100 திர்ஹாம் குறைவு, ஆஃபர் லெட்டரில் லைஃப்கார்டு என்று இருந்தது, சேர்ந்துவிட்டேன்.